சுருண்டு கிடக்கும் நாய்: மூக்கை விடுங்கள், ஈறைப் பாருங்கள்
செல்லப்பிராணி கேள்வி – பதில்

கடிதங்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்திருந்தாலும் இந்த இதழுக்கு எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடியிருக்கிறார்கள்: நாய் சோர்ந்து கிடக்கிறது, என்ன கொடுக்கலாம்? ‘என்ன கொடுக்கலாம்’ என்பதற்கு முன்னால் ‘எதைப் பார்க்கலாம்’ என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கே இந்த முறை இடம் அதிகம்.

கேள்வி: எங்கள் ‘புலி’க்கு நான்கு வயது, நாட்டு நாய்க் கலப்பு, 18 கிலோ. மூன்று நாளாகப் படிக்கட்டுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறான். கேட் சத்தம் கேட்டால் முதல் ஆளாக ஓடுகிறவன், இப்போது தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறான். சோற்றில் பாதியை வைத்துவிடுகிறான். மூக்கு காய்ந்திருக்கிறது. உண்ணி எதுவும் இல்லை, நன்றாகத் தேடிவிட்டேன். வெயில் கொளுத்துகிறதே, அதனால் இருக்குமா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: மூன்று நாள் ஆகிவிட்டதால் வெயிலை மறந்துவிடுங்கள். வெயிலில் வந்த சாதாரணக் களைப்பு என்றால் நிழலும் தண்ணீரும் கிடைத்ததும் பொழுது சாய்வதற்குள் போயிருக்கும்.

மூக்கையும் விடுங்கள். நல்ல ஆரோக்கியமான நாய் தூங்கி எழுந்தால் அதன் மூக்கும் காய்ந்துதான் இருக்கும். 40 டிகிரி காய்ச்சலோடு கிடக்கிற நாயின் மூக்கு சில்லென்று ஈரமாக இருப்பதும் உண்டு. தலைமுறை தலைமுறையாக நாம் நம்பி வரும் இந்தச் சோதனையில் ஒரு பயனும் இல்லை.

ஈறைப் பாருங்கள். புலியை வெளிச்சம் வரும் பக்கமாக உட்காரவைத்து, மேலுதட்டை ஒரு விரலால் தூக்குங்கள். கோரைப் பல்லுக்கு மேலே உள்ள ஈறு நம் நகக்கண் போல இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அதைக் கட்டைவிரலால் ஒரு விநாடி அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளிறியிருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது. மஞ்சள் தட்டினால் கல்லீரலில் கோளாறு, அல்லது ரத்த அணுக்கள் உடைகின்றன. செங்கல் சிவப்பாக இருந்தால் கடும் வெப்பமோ கிருமி ரத்தத்தில் பரவியதோ காரணமாக இருக்கலாம். நாட்டு நாய்களில் பலவற்றுக்கு ஈறு கறுப்பாகவே இருக்கும். அப்படியானால் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். நிறம் அங்கே தெரியும். ஈறு பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது.

அடுத்தது காய்ச்சல். காதைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதெல்லாம் ஊகம். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை நாய்க்கென்றே ஒதுக்கி வையுங்கள். வேண்டுமானால் அதில் ஒரு சிவப்பு நாடா கட்டிவிடுங்கள், வீட்டில் யாரும் வாயில் வைத்துவிடக் கூடாது. ஒருவர் தலையை அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் வாலைத் தூக்கி, முனையில் வாஸ்லின் தடவி, ஆசனவாய்க்குள் சுமார் 2 செண்டிமீட்டர் செலுத்தி, பக்கச் சுவரில் படும்படி லேசாகச் சாய்த்து, ‘பீப்’ சத்தம் வரும்வரை பிடித்திருங்கள். நேரே மலத்துக்குள் குத்தி நின்றால் அளவு குறைவாகக் காட்டும். நாய்க்கு இயல்பான வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை. நமக்குக் காய்ச்சல் என்கிற 38.5, அதற்குச் சாதாரணம். ஓய்வாகப் படுத்திருந்த நாய்க்கு 39.5-ஐத் தாண்டினால் காய்ச்சல். 41 என்றால் உடனே கிளம்ப வேண்டும். 37.5-க்குக் கீழே இறங்கினாலும் அப்படித்தான். சோர்ந்த நாய் குளிர்ந்துபோவது காய்ச்சலைவிட மோசமான அறிகுறி.

மூன்றாவது, சிறுநீர். அது புல்லில் போனால் நிறம் தெரியாது. ஒரு வெள்ளை டிஷ்யூத் தாளைக் கையில் வைத்திருந்து, அவன் போகும்போது நீட்டி நனைத்துப் பாருங்கள். வெளிர் மஞ்சள் சரி. தே-ஓ (பால் விடாத தேநீர்) நிறம் என்றால் யோசிக்க வேண்டும். கோப்பி-ஓ (பால் விடாத காப்பி) நிறம் என்றால் யோசிக்க நேரமில்லை.

கடைசியாக, அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, ரோமம் குறைந்த அடிவயிறு, தொடையின் உள்பக்கம், காது மடலின் உள்பக்கம் மூன்றையும் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகளோ, அடி படாமலே கன்றிப்போன நீலத் திட்டுகளோ தெரிந்தால் பிளேட்லெட் இறங்கியிருக்கிறது என்று பொருள். டெங்கி பார்த்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதற்கும் ஏடிஸ் கொசுவுக்கும் சம்பந்தமில்லை.

நம் ஊரில், வயது வந்த நாய் காரணம் தெரியாமல் சோர்ந்து, பாதிச் சாப்பாட்டை வைத்து, காய்ச்சலும் காட்டினால் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல்தான். ‘உண்ணியே இல்லையே’ என்கிறீர்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘பழுப்பு நாய் உண்ணி’ என்ற வகை, கடித்த சில மணி நேரத்திலேயே எர்லிக்கியா என்ற கிருமியை நாய்க்குள் ஏற்றிவிடும். காய்ச்சல் வருவதோ 8 முதல் 20 நாள் கழித்து. அதற்குள் அந்த உண்ணி வயிறு நிரம்பி, உதிர்ந்து, உங்கள் வீட்டுச் சுவர் இடுக்கில் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். போதாததற்கு, உண்ணியின் குஞ்சுகள் எள்ளைவிடச் சிறியவை. விரலிடுக்கு, காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், வாலின் அடி என்று இன்னொரு முறை ரோமத்தை எதிர்த்திசையில் தள்ளித் தேடுங்கள். கிடைக்காவிட்டாலும் சந்தேகத்தைக் கைவிடாதீர்கள்.

உண்ணி கொண்டுவரும் கிருமிகளில் இங்கே முக்கியமானவை இரண்டு. எர்லிக்கியா வெள்ளை அணுக்குள் புகுந்து, பிளேட்லெட்டை இறக்கும். மூக்கிலிருந்து ரத்தம் வருவது இதன் பிரபலமான அடையாளம். பபேசியா சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும். வெளிறிய ஈறும் கறுத்த சிறுநீரும் அதனால். ஒரே உண்ணி இரண்டையும் ஏற்றலாம், ஒரே நாய்க்கு இரண்டும் இருக்கலாம்.

நாளைக் காலை கிளினிக்கில் மூன்று சோதனைகளைப் பற்றிக் கேளுங்கள்: முழு ரத்த அணு எண்ணிக்கை, உண்ணி நோய்க்கான துரித சோதனை, ரத்தத் துளியை நுண்நோக்கியில் பார்ப்பது. காதோர ரத்தக்குழாயிலிருந்து எடுத்த துளியில் பபேசியா அகப்பட வாய்ப்பு கூடுதல். அறிக்கையில் பிளேட்லெட்டுக்கு எதிரே 200–500 என்று இயல்பு அளவு அச்சாகியிருக்கும்; அது ஆயிரக் கணக்கு, அதாவது 2 லட்சம் முதல் 5 லட்சம். 50-க்குக் கீழே என்றால் அவனை ஓடவிடாதீர்கள், எலும்பு கடிக்கக் கொடுக்காதீர்கள், கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போடுங்கள். ஈறு வெள்ளைத்தாள் போல இருந்தாலோ, கோப்பி-ஓ சிறுநீர் போனாலோ, எழுந்து நிற்கத் தள்ளாடினாலோ காலைவரை காத்திருக்க வேண்டாம்.

போகும்போது கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும்: கடைசியாக எப்போது முழுதாகச் சாப்பிட்டான், எவ்வளவு தண்ணீர் குடித்தான், காலை – மாலை வெப்பம், கடைசி உண்ணி மருந்து எந்தத் தேதியில், அக்கம்பக்கத்தில் யாராவது எலி மருந்து வைத்தார்களா. கடைசிக் கேள்வி சும்மா கேட்பதில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலி மருந்தைத் தின்ற நாய் முதல் சில நாள் நன்றாகவே இருந்து, பிறகுதான் வெளிறிச் சோர்ந்துபோகும். உண்ணிக் காய்ச்சல் போலவே தெரியும் அதற்கு மருந்து வேறு, வைட்டமின் கே1. கூடவே, அவன் நடப்பதையும் படுத்து மூச்சு விடுவதையும் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் செத்தவன் போல் கிடக்கிற நாய் கிளினிக் வாசலில் பூனையைப் பார்த்ததும் நிமிர்ந்து நிற்கும். டாக்டர் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார்.

கேள்வி: எங்கள் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் என்று டாக்டர் 28 நாளைக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தார். மூன்றாம் நாளே எழுந்து விளையாட ஆரம்பித்துவிட்டது. மாத்திரை போட்டால் வாந்தி எடுத்ததால் பத்தாம் நாள் நிறுத்திவிட்டோம். இரண்டு மாதம் கழித்து மறுபடி சோர்வு, இளைப்பு. மருந்து சரியில்லையா?
– வாசகர், கெப்போங்

பதில்: மருந்து சரியாகத்தான் வேலை செய்தது; அதனால்தான் மூன்றாம் நாளே விளையாடியது. எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கிருமி அதற்குள் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது அணுவுக்குள்ளேயே குடியிருக்கும் ஜாதி. எண்ணிக்கை குறைந்ததும் நாய் தெம்பாகிவிடும், மீதி அப்படியே பதுங்கிக்கொள்ளும். மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில், வெளியே ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுத் திரும்ப வரும்போது எலும்பு மஜ்ஜையையே பாதிக்கக்கூடும். அந்தக் கட்டத்தில் சிகிச்சை கடினம். 28 நாள் என்பது அதற்காகத்தான்.

வாந்திக்கு வழி இருக்கிறது. வழக்கமான அளவு, நாய் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். ஒரே வேளையில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டர் அதையே காலை – மாலை எனப் பாதிப்பாதியாக மாற்றித் தருவார். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். பாதிச் சாப்பாடு, பிறகு மாத்திரை, பிறகு மீதிச் சாப்பாடு. மாத்திரையை மட்டும் தொண்டையில் போட்டு விழுங்கவைத்தால் அது உணவுக்குழாயில் ஒட்டி நின்று புண்ணாக்கும். கொடுத்த பிறகு ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 அல்லது 10 மில்லி தண்ணீரைக் கடைவாய் ஓரமாக விடுங்கள். சீஸ் துண்டில் மறைத்துக் கொடுப்பது, பால் ஊற்றுவது இரண்டும் வேண்டாம். அவற்றிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தம் ஊறட்டும் என்று இரும்புச்சத்து டானிக் கொடுக்கிறவர்கள் இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு உருண்டைக்குள் வைத்தால் பெரும்பாலான நாய்கள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிடும்.

இப்போது செய்ய வேண்டியது, மிச்சமிருக்கும் 18 நாள் மாத்திரையை நீங்களாக எடுத்துப் போடுவதல்ல. ரத்த எண்ணிக்கையை முதலில் பாருங்கள். இந்த முறை பபேசியாவையும் தேடச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்திருந்த நாய்க்கு எர்லிக்கியா மருந்து மட்டும் கொடுத்தால் இப்படித்தான் அரைகுறையாகத் தேறும். பபேசியாவிலும் பெரிய வகைக்கு இமிடோகார்ப் என்ற ஊசி, இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை. சிறிய வகையான கிப்சோனிக்கு அது போதாது. அட்டோவாகுவோன், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்துத் தருவார்கள். எந்த வகை என்று உறுதியாகச் சொல்வது, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். கிளினிக்கில் பத்து நிமிடத்தில் புள்ளி காட்டும் துரித சோதனை, கிருமியைப் பார்ப்பதில்லை. அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் பார்க்கிறது. நோய் தீர்ந்த பிறகும் மாதக்கணக்கில் அது ‘இருக்கிறது’ என்றே காட்டும். ஆகவே சிகிச்சை முடிந்ததும் மறுபடி அதே சோதனை செய்து பயந்துகொள்ள வேண்டாம். பிளேட்லெட் ஏறியிருக்கிறதா என்பதே கணக்கு. அதே போல், நோய் தொடங்கிய முதல் சில நாளில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்காது, அப்போது அது ‘இல்லை’ என்று காட்டுவதையும் நம்பிவிட முடியாது.

கேள்வி: நாய்க்குக் காய்ச்சல் என்றால் பனடோல் அரை மாத்திரை கொடுக்கலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கூடாது. பனடோலில் இருக்கும் பாராசிட்டமோல் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். சிறிய நாய்க்கு ‘அரை’ என்பதே பெரிய அளவு. பூனைக்கோ அந்த அரையே எமன். இபுப்ரோபன் இன்னும் மோசம், வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும், சிறுநீரகம் போகும். பிளேட்லெட் இறங்கிய நாய்க்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வாரம் தவறாமல் உண்ணி ஷாம்பு போடுகிறேன். குளிப்பாட்டிய அன்று சுத்தமாக இருக்கிறது, நாலாம் நாள் மறுபடி உண்ணி. சுவரில் கூட ஊர்கிறது. எங்கிருந்துதான் வருகிறது?
– வாசகி, பூச்சோங்

பதில்: கேள்வியிலேயே பதில் இருக்கிறது: சுவரிலிருந்து. நாய் மீது நீங்கள் பார்ப்பது மொத்தக் கூட்டத்தில் கொஞ்சம்தான். பழுப்பு நாய் உண்ணி குஞ்சாக ஒரு முறை, இளம்பருவத்தில் ஒரு முறை, வளர்ந்த பிறகு ஒரு முறை என மூன்று தடவை ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் நாயை விட்டு இறங்கி, ஒளிந்து, தோலுரித்துவிட்டுத் திரும்ப ஏறும். வயிறு நிரம்பிய பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதற்குப் பிடித்த இடம் உயரமான இடுக்கு. தரையை மட்டும் துடைப்பவர்களிடம் அது தப்புவது அதனால்தான். நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து முட்டைவரை இரண்டு மாதம் போதும். இரை கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

ஷாம்பு அன்றைக்கு நாய் மீது இருப்பதைக் கொல்லும், அவ்வளவுதான். வாயால் கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் – நெக்ஸ்கார்ட், சிம்பாரிக்கா மாதம் ஒன்று. பிரவெக்டோ 12 வாரத்துக்கு ஒன்று – நாயின் ரத்தத்தில் மருந்தை நிறுத்திவைக்கின்றன. உண்ணி கடித்தால்தான் சாகும். ஆகவே மாத்திரை போட்ட பிறகும் ஒன்றிரண்டு ஊர்வதைப் பார்த்து ‘மருந்து பொய்’ என்று முடிவு கட்டாதீர்கள். நாய் இப்போது உங்கள் வீட்டு உண்ணிப் பொறி. வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் ஒரே நாளில், எடை பார்த்து. குளியலறைத் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, நீங்கள் மட்டும் ஒரு முறை ஏறிக் கழித்தால் எடை கிடைத்துவிடும். வலிப்பு வந்த நாய் என்றால் இந்த வகை மருந்தை டாக்டரிடம் கேட்காமல் தரக் கூடாது.

சுவருக்கு: கூண்டின் மூலை, ஜன்னல் சட்டம், படம் மாட்டிய பின்பக்கம், மேல்கூரை விளிம்பு எல்லாவற்றிலும் வேக்கும் கிளீனரின் ஒடுங்கிய முனையை வைத்து இழுங்கள்; பையை உடனே கட்டி வெளியே போடுங்கள். படுக்கைத் துணி கொதிநீரில். மருந்து தெளிப்பதானால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாகக் குறைந்தது மூன்று தடவை, ஏனென்றால் முட்டையை எந்தத் தெளிப்பும் சரியாகக் கொல்வதில்லை; பொரித்து வரும் குஞ்சைப் பிடிக்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்த எதையும் கொண்டுவராதீர்கள், பூனைக்கு அது நரம்பு விஷம்.

தனி உண்ணியைப் பிடுங்க, தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், சிகரெட் நெருப்பு, இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவே ‘டப்’ என்று நசுக்குவது – எல்லாம் வேண்டாம். செல்லோடேப்பில் ஒட்டி மடித்துக் குப்பையில் போட்டால் கதை முடிந்தது.

கேள்வி: எங்கள் ஸ்பிட்ஸ் பெண் நாய்க்கு ஒன்பது வயது, 7 கிலோ, குட்டி போட்டதில்லை, கருத்தடையும் செய்யவில்லை. ஒரு வாரமாக மந்தமாக இருக்கிறாள், தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கிறாள். நேற்று இரண்டு முறை வாந்தி. வயதாகிவிட்டதால் இருக்குமோ?
– வாசகி, செந்தூல்

பதில்: இந்த இதழில் வந்த கடிதங்களில் எங்களைக் கவலைப்படவைத்தது இதுதான். அவளுக்குக் கடைசியாக எப்போது தீட்டு வந்தது? நாலு முதல் எட்டு வாரத்துக்கு முன்னால் என்றால், இதைப் படிக்கிற இன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். அது கர்ப்பப்பையில் சீழ் கட்டியதாக இருக்கலாம், பயோமெட்ரா என்பார்கள். கருத்தடை செய்யாத நடுவயதுப் பெண் நாய்க்கு வருவது. ஒவ்வொரு தீட்டுக்குப் பிறகும் கர்ப்பப்பை, கரு தங்குவதற்காகத் தன் உட்சுவரைத் தடிக்கவைக்கும். வருடக்கணக்கில் இது நடந்து நடந்து, கடைசியில் கிருமி புகுந்து வளர ஏற்ற இடமாகிவிடும். அதன் நஞ்சு சிறுநீரகத்தின் நீரைத் தேக்கும் திறனைக் கெடுப்பதால் சிறுநீர் கட்டுக்கடங்காமல் போகும். அதை ஈடுகட்டத்தான் இத்தனை தாகம்.

கர்ப்பப்பையின் வாய் திறந்திருந்தால் பின்புறம் நக்கிக்கொண்டே இருப்பாள், துணியில் சீழோ ரத்தமோ படும். மூடியிருந்தால் வெளியே ஒன்றுமே தெரியாது, உள்ளே பை ஊதிக்கொண்டே போகும். ஆபத்து கூடுதலானது இந்த வகைதான். வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள், கிழியும். ஸ்கேன் எடுத்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். நிலையான சிகிச்சை, டிரிப் ஏற்றி உடம்பைத் தேற்றிக் கர்ப்பப்பையை அகற்றுவது. ஒன்பது வயதில் அறுவை தாங்குவாளா என்று வீட்டில் விவாதித்துக்கொண்டிருக்கும் இரண்டு நாள்தான் பெரும்பாலும் அவளைத் தாங்க முடியாத நிலைக்குக் கொண்டுபோகிறது.

ஸ்கேனில் அது இல்லை என்றால் அடுத்து சர்க்கரை, சிறுநீரகம். ‘நிறைய’ என்பதை அளந்து சொல்லுங்கள்: காலையில் அளவுக் கோப்பையால் கிண்ணத்தில் 1 லிட்டர் ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மீதியைக் கழியுங்கள். கிலோவுக்கு 50 – 60 மில்லி இயல்பு, 100-ஐத் தாண்டினால் நோய். உங்கள் 7 கிலோ நாய்க்கு 350 – 420 சரி. 700-க்கு மேல் போனால் சரியில்லை. அளக்கிறோம் என்று இன்றைய பயணத்தை மட்டும் நாளைக்குத் தள்ளிவிடாதீர்கள். தாகத்தைக் குறைக்கத் தண்ணீரை எடுத்துவைப்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: விருந்தில் மிஞ்சிய ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் போட்டோம். மூன்றாம் நாள் எங்கள் 5 கிலோ நாய் சோர்ந்து, சிறுநீர் பழுப்பாகப் போகிறது. உண்ணிக் காய்ச்சலா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: இருக்கலாம். ஆனால் குழம்பில் இருந்த வெங்காயத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வெங்காயம், பூண்டு இரண்டும் நாயின் சிவப்பணுவை உடைக்கும். தின்ற அன்று ஒன்றும் தெரியாது, இரண்டு நாலு நாள் கழித்துத்தான் ஈறு வெளிறிச் சிறுநீர் கறுக்கும். கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போதும்; உங்கள் நாய்க்கு 75 கிராம், அதாவது நடுத்தர வெங்காயம் ஒன்று. வதக்கினாலும் அரைத்தாலும் பொடியாக்கினாலும் நஞ்சு போகாது. நம் குழம்பு கெட்டியாவதே வெங்காயத்தால்தான். துண்டு கண்ணில் படாததால் இல்லையென்று ஆகாது. மிதக்கும் ஆட்டுக் கொழுப்பு கணையத்தை வீங்கவைப்பது வேறு கதை: அதில் வாந்தியும் வயிற்று வலியும் முந்திக்கொள்ளும், முன்னங்காலைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கியபடி நிற்கும்.

கேள்வி: வெள்ளம் வடிந்த பிறகு எலித் தொல்லை. நாய் லோங்காங் (சாக்கடை) தண்ணீரைக் குடிக்கிறது. கென்சிங் திக்குஸ் (எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல்) நாய்க்கும் வருமா? நமக்கு ஒட்டுமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: இரண்டுக்கும் ஆமாம். 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பினாங்குக்காரர்களுக்குச் சேறு எவ்வளவு நாள் தங்கும் என்று தெரியும். லெப்டோஸ்பைரா கிருமிக்கு அந்த ஈரம்தான் வீடு. எலியின் சிறுநீரிலிருந்து தண்ணீருக்கு வந்து, நாயின் வாய் வழியாகவும் பாதப் புண் வழியாகவும் ஏறும். முதலில் காய்ச்சல், சோர்வு, நடக்க மறுக்கும் தசை வலி. பிறகு வாந்தி, கண் வெள்ளை மஞ்சளாதல், சிறுநீர் மிகக் கூடுதல் அல்லது அடியோடு நின்றுபோதல். நின்றுபோனால் சிறுநீரகம் செயலிழக்கிறது.

சந்தேகம் வந்த நாளிலிருந்தே அதன் சிறுநீரைக் கையுறை போட்டுத் துடையுங்கள், குளோராக்ஸ் (ப்ளீச்) கலந்த நீரால் கழுவுங்கள், ஹோஸை வேகமாகப் பீய்ச்சித் தெறிக்கவிடாதீர்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால் நாயின் நோயைப் பற்றி உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் டெங்கியை மட்டும் தேடிக்கொண்டிருப்பார். தடுப்பூசி இருக்கிறது, ஆனால் வருடா வருடம் போட வேண்டும், தொடக்கத்தில் சில வார இடைவெளியில் இரண்டு தடவை. குட்டியில் போட்டதோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் தடுப்பூசி அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். அது எல்லா ரகக் கிருமியையும் தடுக்காது என்பதால் லோங்காங் பக்கம் விடாமலிருப்பது உங்கள் பொறுப்பு.

கேள்வி: எங்கள் பக் இன நாய் மதிய நடைக்குப் பிறகு தரையில் மல்லாந்துவிடுகிறது. நாக்கு தொங்க இரைக்கிறது. ஐஸ் தண்ணீரில் முக்கி எடுக்கலாமா?
– வாசகி, செராஸ்

பதில்: முதலில் மதிய நடையை நிறுத்துங்கள். நாய்க்கு இரைப்பதுதான் வெப்பத்தை வெளியேற்றும் முக்கிய வழி. பக்கின் நசுங்கிய மூக்கும் ஒடுங்கிய மூச்சுக்குழாயும் அதையே சரியாகச் செய்ய விடுவதில்லை, போதாததற்கு நம் காற்றின் ஈரப்பதம் வேறு. காலை ஏழரைக்குள், அல்லது இருட்டிய பிறகு. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

மல்லாந்துவிட்டால் குழாய்த் தண்ணீரைக் கழுத்து, வயிறு, தொடை இடுக்கு என்று தொடர்ந்து ஊற்றி மின்விசிறிக்கு முன்னால் படுக்கவையுங்கள். ஐஸ் வேண்டாம், குழாய்த் தண்ணீரும் காற்றுமே போதும். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடவும் கூடாது. சில நிமிடத்தில் அது சூடேறி வெப்பத்தை உள்ளேயே அடைக்கும். வெப்பம் 39.5-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லையென்றால் கீழே போய்க்கொண்டே இருக்கும். நினைவிருந்தால் தானாகக் குடிக்கட்டும், வாயில் ஊற்றாதீர்கள். எழுந்து நடந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்: சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் கெடுவது சில மணி நேரம், சில சமயம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். கிளம்பும்போது காரில் ஏர்கோனை முதலில் போட்டுவிட்டு, பிறகு நாயை ஏற்றுங்கள்.